தோண்டக்கூடாத வரிசை

டெல்மர் நோவோட்னி புல்வெட்டும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தபோது, ஆர்டித் பெட்ராசெக் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு வேலியோரம் மண்டியிட்டிருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தோள்பையில் சிறு சிலிண்டர். எதிரே ஐரிஸ் பூச்செடி வரிசை மொட்டு கட்டி நின்றது.

"மிஸஸ் பி, குனியக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே?"

"நான் எங்கே குனிஞ்சேன்? முட்டி போட்டிருக்கேன். முட்டி போடக்கூடாதுன்னு அவர் சொல்லலை."

டெல்மருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கல்லறைத் தோட்டக் குழுவுக்கு அவன்தான் தலைவன். ஊர்த் தீயணைப்புப் படைக்கும் அவன்தான். இருந்தாலும் சிறுவயதில் ஆர்டித் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்வந்தவன் என்பதால், அவள் எதிரில் நின்றால் கை தானாகத் தொப்பியைக் கழற்றிவிடும். அன்றும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னான்.

"குழு கூடிப் பேசினோம். இந்த வரிசையைத் தோண்டி எடுத்துட்டு புல் விதைச்சிடலாம்னு முடிவாகியிருக்கு."

"யாரைக் கேட்டு?"

"நோய் புடிச்சிருக்கு மிஸஸ் பி. இங்கேயிருந்து மத்த கல்லறைச் செடிக்கெல்லாம் தொத்தும்."

"எது நோய்? காட்டு."

அவனும் முட்டி போட்டான். முதலில் காட்டியது இலையின் மேல்பாதியில் இருந்த பழுப்புப் புள்ளிகளை. நீள்வட்டமாக, ஓரத்தில் செங்கல் நிறக் கரையோடு இருந்தன.

"இது இலைப்புள்ளி. ஏப்ரல் பூரா மழை கொட்டிச்சு, வராம என்ன செய்யும்? அந்த இலையை வெட்டிப் போட்டா முடிஞ்சுது. கிழங்கை அது தொடாது. அடுத்தது?"

இலை நுனிகள் காய்ந்து சுருண்டிருந்ததைக் காட்டினான்.

"மொட்டு வரப்போ பனி விழுந்துச்சே, அது. உன் தக்காளி நாத்தும்தான் கருகிச்சுன்னு கேள்விப்பட்டேன். அடுத்தது?"

"நடுவுல பாருங்களேன். எல்லாம் செத்துக் கிடக்கு. சுத்திவர ஓரத்துல மட்டும்தான் உசுரு இருக்கு."

"உன் மண்டையும்தான் நடுவுல காலி. சுத்திவர ஓரத்துல மட்டும்தான் முடி இருக்கு. தோண்டிடலாமா?"

டெல்மர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"ஐரிஸ் வெளிப்பக்கமா நகர்ந்துபோற செடிடா. பழைய கிழங்கு நடுவுல சாகும், புதுசு ஓரத்துல பிடிக்கும். நடு காலியா இருந்தா வயசாச்சுன்னு அர்த்தம். வயசாகிறது நோயா?"

"சரி. அப்போ இது?"

அவன் தொட்ட இலையின் ஓரம் ரம்பப்பல் போல அரிபட்டிருந்தது. அரிபட்ட இடத்திலிருந்து அடி நோக்கி ஓர் ஈரக்கோடு இறங்கியிருந்தது, அழுத முகத்தில் காய்ந்த கோடு போல. அவன் வருவதற்கு முன்னால் ஆர்டித் முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததே அந்த இலையைத்தான். அது என்னவென்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே துளைப்புழு இருந்தது. இலைக்குள் நுழைந்த புழு ஜூன் கடைசிக்குள் கிழங்கில் இறங்கும். அது இறங்கிய வழியில் அழுகல் இறங்கும். செத்த எலி போல நாறும். அப்புறம் அந்தக் கிழங்கு கூழ்.

"அதுவும் புள்ளிதான்," என்றாள். "ஆரம்பத்துல இப்படித்தான் தண்ணி தண்ணியா இருக்கும்."

பேருந்தில் போய்வந்த காலத்தில் அவள் அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அதனால் நம்பினான்.

"மே கடைசி, மெமோரியல் டே வரைக்கும் விடறோம்," என்றான் எழுந்துகொண்டே. "பூத்து முடியட்டும். அதுக்கப்புறமும் சரியாகலைன்னா தோண்டத்தான் வேணும்."

"வண்டியை எடுடா. மோட்டார் ஆறிடப்போகுது."

*

அந்த வரிசையில் கல்லறைக் கற்கள் கிடையாது. ஐரோப்பாவின் போஹீமியாவிலிருந்து வந்து அமெரிக்காவின் நெப்ராஸ்கா மண்ணைக் கொத்தியவர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். தொண்டை அடைப்பான் பரவிய ஒரு குளிர்காலத்தில் வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று போன பிள்ளைகள். தாய்மார்கள் மரச்சிலுவை நட்டு, அதன் அடியில் தங்கள் வீட்டு வாசலிலிருந்து கொண்டுவந்த ஐரிஸ் கிழங்கை ஆளுக்கு ஒன்றாக வைத்தார்கள். சிலுவைகள் மட்கிப்போயின. ஐரிஸ் நின்றது. ஒரு வட்டத்துக்கு ஒரு பிள்ளை. வட்டத்தின் காலியான நடுதான் அந்தப் பிள்ளையின் இடம். இதெல்லாம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது அதே தோட்டத்தில் படுத்திருந்தார்கள்.

மேற்குக் கோடியில் கடைசி வட்டம் மற்றவற்றைவிடச் சின்னது. அது ஆர்டித்தின் தம்பி ரூடி. மற்றவர்களுக்குப் பல வருடம் கழித்து, அந்த வரிசையில் கடைசியாக வைத்த பிள்ளை. அவளுக்கு அப்போது ஆறு வயது. அம்மா கையால் மண்ணைக் கீறினாள். ஆர்டித் கிழங்கைப் பாவாடையில் ஏந்தி நின்றாள். "ஆழமா வைக்கக்கூடாது, முதுகுல வெயில் படணும்," என்று அம்மா சொன்னது அவளுக்கு எழுபது தாண்டியும் காதில் இருந்தது.

துளைப்புழுவுக்கு வைத்தியம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மொத்தத்தையும் தோண்டி எடு. நாறுவதை வீசு. நல்லதைக் கழுவிக் காயவைத்து வேறு இடத்தில் நடு. வீட்டுத் தோட்டத்தில் ஆர்டித் அதைத்தான் செய்வாள். இங்கே அது ஆகாது. தோண்டினால் செடி பிழைக்கும், இடம் தொலைந்துபோகும்.

இன்னொரு வழியும் இருந்தது. புழுவின் முட்டைகள் பனிக்காலம் முழுக்கப் பழைய சருகில் ஒட்டிக் கிடக்கும். மார்ச்சில், பச்சை தலைகாட்டுவதற்கு முன், சருகை நின்ற இடத்திலேயே கொளுத்திவிட்டால் முட்டையும் போகும். ஈரமண்ணில் கிடக்கும் கிழங்குக்கு அந்தச் சூடு உறைக்காது. ஆர்டித் வருடாவருடம் கொளுத்தினாள். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச்சில் காற்று திரும்பிக்கொண்டது. வேலியோர தேவதாரு ஒன்று தீப்பந்தம் மாதிரி எரிந்தது. பக்கத்தில் இருந்த டெல்மரின் அப்பா அம்மா கல் கரியாகிப்போனது. அவள் இரண்டு நாள் பிரஷ்ஷும் சோப்பும் வைத்துத் தேய்த்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. "கல்லு எரியாதுடா டெல்மர், வெறும் அழுக்கு," என்றாள். அழுக்கு முழுதாகப் போகவில்லை. குழு வாசலில் அறிவிப்புப் பலகை வைத்தது: இங்கே நெருப்பு கூடாது.

அதன் பிறகு அவள் சருகைக் கையால் அள்ளினாள். வேலிக்கம்பியில் பின்னிக் கிடந்தது கைக்கு வரவில்லை. இரண்டு வருடமாக நுரையீரல் இறுகிப்போனதில் மற்றதும் வரவில்லை.

*

ஆர்டித் எப்போதும் பிடித்த பிடியை விடாதவள்தான். முப்பது வருடத்துக்கு மேல் பேருந்து ஓட்டினாள். ஒரு வசந்தத்தில் ஓடை பெருகிப் பாலத்தின் மேல் தண்ணீர் தவழ்ந்தது. அரையடிதான், ஓட்டிக்கொண்டு வா என்று பள்ளிக்கூடத்துப் பெரியவர் ரேடியோவில் கத்தினார். அவள் ரேடியோவை அணைத்தாள். பிள்ளைகளை சர்ச்சின் கூடத்தில் இறக்கி, அங்கே கிடைத்த மாவில் பான்கேக் சுட்டுப் போட்டாள். மறுநாள் பாலம் நின்றுதான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெரியவர் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார். "நின்னுச்சு இல்லே? இனிமே நீங்க ஓட்டுங்க, நான் ரேடியோவுல கத்தறேன்," என்றாள் ஆர்டித்.

கணவர் லியோனார்ட் இறந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டாள். வீட்டை விடவில்லை. மகள் ஜோலின் லிங்கன் நகரில் நிலத்தடி நீரை அளக்கும் வேலையில் இருந்தாள். அவளோடு வந்து இருக்கச் சொன்னபோது, "உன் வீட்டுல ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்துற இடம்தானே தெரியுது?" என்று கேட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

டெல்மரிடம் பொய் சொன்ன அன்று மாலையே ஜோலினைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஜோலின் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வரிசை முழுக்க நடந்து பார்த்தாள்.

"புழுதானே?"

"புழுதான்."

"டெல்மர்கிட்ட சொன்னியா?"

"இலைப்புள்ளின்னு சொன்னேன்."

"அம்மா!"

"உள்ளதைச் சொன்னா மறுநாளே டிராக்டர் வந்து நிக்கும். நீ வந்து நிறுத்துவியா?"

ஜோலினுக்குக் கருவிகளில் நம்பிக்கை. "எங்க ஆபீஸ்ல தரையடி ரேடார் இருக்கு. தள்ளுவண்டி மாதிரி உருட்டிட்டுப் போனா, கீழே குழி தோண்டின இடம் படத்துல தெரியும். ஒரு நாள் வேலை. படத்தை நீட்டினா குழு வாயே திறக்காது."

"வேண்டாம்."

"ஏம்மா?"

"ரூடியை வெச்சப்போ நான் கூட இருந்தேன். உன் மெஷின் இருந்துச்சா?"

"நீ நம்பறதுக்கு இல்லைம்மா. அவங்க நம்பறதுக்கு."

"சரி, மெஷின் ஒரு பிள்ளையைக் காட்டலைன்னு வை. மத்த பிள்ளைங்களை வெச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கைக்குழந்தை. இந்தக் களிமண்ணுல என்ன மிச்சம் இருக்கும்? உன் படத்துல வராத பிள்ளை, பிறக்காத பிள்ளையா ஆயிடுமா?"

களிமண்ணில் அந்த அலை ஆழம் போகாது என்பதும், சின்னக் குழிகள் தவறிப்போகும் என்பதும் ஜோலினுக்குத் தெரியும். கேட்டால் தானே சொல்லியிருப்பாள். அம்மா கேட்காமலே சொல்லிவிட்டாள்.

"அப்போ என்ன செய்யறது?"

"நசுக்கறது," என்றாள் ஆர்டித்.

புழு இலைக்குள் இருக்கும்வரை அதைக் கையால் கொல்லலாம். ஐரிஸின் இலைகள் விசிறி மடித்தது போல அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஈரக்கோடு முடிகிற இடத்தில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து, அழுத்தியபடி அடிவரைக்கும் இழுக்க வேண்டும். வழியில் ஒரு நெல்மணி அளவுக்குத் தட்டும். அப்போது இன்னும் அழுத்த வேண்டும். கோடு இல்லாத இலையையும் விடக்கூடாது. கோடு தெரிவதற்கு முன்பே புழு உள்ளே போயிருக்கும்.

"நசுங்கிச்சான்னு எப்படித் தெரியும்?"

"கடலை உடைச்சிருக்கியா?"

"ம்."

"ஈரக் கடலை."

"சீ!"

"சீன்னா வீட்டுக்குப் போ. எனக்கு வேலை இருக்கு."

ஜோலின் போகவில்லை. இருவரும் கிழக்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆர்டித் நாலு விசிறி நசுக்கினால் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு உள்ளே போவதும் வருவதும் பழைய கதவு மாதிரி கேட்கும். போதும் என்று ஜோலின் சொன்னால் அடுத்த விசிறிக்குக் கையை நீட்டுவாள். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பாள். ஜோலின் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

*

கல்லறைகளுக்குப் பூ வைக்கும் மெமோரியல் டேக்கு முந்தின சனிக்கிழமை ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சுத்தம் செய்யும். அன்றும் வந்தது. வாருகோல், தள்ளுவண்டி, பிக்கப் வண்டியின் பின்பலகையில் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி, பெரிய கெண்டியில் காபி. ஐரிஸ் முழுக்கப் பூத்திருந்தது. ஊதா நிறம், பழைய வகை, திராட்சைச் சாறு மணம்.

அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம். மெமோரியல் டேக்கு ஐரிஸ் இலை நுனிகளைக் கத்தரித்து, நிஜ விசிறி போல வளைவாக வெட்டி விடுவார்கள். பூ இருக்கும்போது இலையை வெட்டுவது செடிக்கு நல்லதில்லை. புகைப்படத்துக்கு நல்லது. அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் மார்லிஸ் கத்தரிக்கோலோடு வேலியோரம் வந்தாள்.

"மார்லிஸ், அங்கே வேண்டாம்," என்று ஆர்டித் நாற்காலியிலிருந்து கத்தினாள். கத்த மூச்சு போதவில்லை.

மார்லிஸ் ஒரு விசிறியை வளைத்து ஒரே வெட்டாக வெட்டினாள். அடுத்த நொடி கத்தரிக்கோலை வீசிவிட்டுக் கையை உதறினாள். இளஞ்சிவப்பில், பழுப்புத் தலையோடு, விரல்நகம் நீளத்துக்கு ஒன்று புல்லில் விழுந்து நெளிந்தது. ஆர்டித், ஜோலின் இருவர் கையிலும் அகப்படாமல் தப்பிய புழு.

டெல்மர் வந்தான். குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அப்படியே ஆர்டித்தின் நாற்காலி முன்னால் வந்து நின்றான். பின்னாலேயே பாதி ஊர்.

"இலைப்புள்ளின்னு சொன்னீங்களே, மிஸஸ் பி."

"சொன்னேன்."

"இது புழு."

"புழுதான்."

"அப்போ என்கிட்ட சொன்னது பொய்யா?"

"பொய்தான். காபி சூடா இருக்கா?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். டெல்மர் சிரிக்கவில்லை. அவன் முகம் காது வரைக்கும் சிவந்தது.

"எங்க அப்பா அம்மா கல்லுகிட்டயும் ஐரிஸ் இருக்கு. இது அங்கேயும் போகும். ஒருதரம் கல்லைக் கரியாக்கினீங்க. இப்போ செடியும் போகணுமா?"

"போயாச்சு. பார்த்தேன். நேத்து உங்கம்மா செடியில மூணு நசுக்கினேன். போய்ப் பாரு, இனிமே இருந்தா என்னைக் கேளு."

டெல்மர் அதை எதிர்பார்க்கவில்லை. புழுவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எல்லாரும் சொல்ற வைத்தியம்தானே மிஸஸ் பி? தோண்டிச் சுத்தம் பண்ணி வேற இடத்துல வைக்கறது. இந்த இடத்துக்கு இரும்புக் குச்சி அடிச்சு அடையாளம் வெச்சுக்கலாம்."

"உன் புல்வெட்டி இதுவரைக்கும் எத்தனை குச்சியை முழுங்கியிருக்கு?"

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். டெல்மரின் மனைவிகூட.

"சரி, சின்னதா கல்லு வைப்போம்."

"கல்லுல என்ன எழுதுவே?"

அவன் வரிசையைப் பார்த்தான். அங்கே இருப்பவர்களின் பெயர் அவனுக்குத் தெரியாது. ரூடியின் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரும் யாருக்கும் தெரியாது.

"யாருன்னு தெரியாமப் போச்சு," என்றாள் ஆர்டித். இரண்டு மூச்சு எடுத்துக்கொண்டாள். "எங்கேங்கிறது மட்டும் மிச்சம் இருக்கு. அவங்கவங்க அம்மா கையால வெச்சுட்டுப் போனது. தோண்டறதுன்னா என்னையும் சேர்த்துத் தோண்டிக்கோ. நாற்காலி நகராது."

குழுவினர் பிக்கப்புக்குப் பின்னால் போய்க் கூடிப் பேசினார்கள். கொலாச்சி தீரும்வரை பேசினார்கள். டெல்மர் திரும்பி வந்து சொன்னான்:

"அடுத்த மே வரைக்கும் டைம். அப்போ நானே ஒவ்வொரு இலையா பார்ப்பேன். ஒரு புழு இருந்தாலும் தோண்டறோம். அப்புறம், நெருப்பு கூடாது. அதுல மாத்தமே இல்லை."

"நெருப்பு இல்லாம இது போகாதுடா."

"அது உங்க பாடு."

*

இலையுதிர்காலத்தில் தாய்ப்பூச்சிகள் வந்து சருகில் முட்டை வைத்திருக்கும். ஆர்டித் அதைப் பார்க்கவில்லை. அப்போது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்தபோது பெரிய ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று கூட வந்தது. கட்டிலிலிருந்து குளியலறை வரை குழாய் எட்டியது. அதற்கு மேல் எட்டவில்லை. ஜோலின் வேலையை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டு அங்கேயே தங்கினாள்.

ஜோலினும் சருகை அள்ளிப் பார்த்தாள். நாலு மூட்டை வந்தது. வேலிக்கம்பியிலும் புல் வேரிலும் பின்னியது வரவில்லை. ஒரு சருகைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். மடிப்புக்குள் முட்டைகள் கடுகு தூவியது போல ஒட்டியிருந்தன.

மார்ச்சில் ஒரு காலை. ஆர்டித் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடிக்கம்பத்தில் கொடி துவண்டு கிடந்தது.

"காத்து இல்லை. வண்டியை எடு."

"அம்மா, நான் போய் முடிச்சுட்டு வரேன். நீ இரு."

"தடை போட்டது எனக்கு. மீறறதும் நான்தான். நீ மீறினா அது வேற கதை."

"ஆக்சிஜன் வெச்சுக்கிட்டு நெருப்பு பக்கம் வரமுடியாது. உனக்கே தெரியும்."

"வண்டியிலயே கழட்டி வெச்சுடறேன்."

"குழாய் இல்லாம எவ்வளவு நேரம் தாங்குவே?"

"வரிசை எரியற வரைக்கும்."

ஜோலின் அவளைப் பார்த்தாள். மறுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சாவியை எடுத்தாள்.

சிலிண்டரைக் கல்லறைத் தோட்ட வாசலுக்கு வெளியே பிக்கப்பிலேயே விட்டார்கள். ஜோலின் செய்ய வேண்டியதை முறையாகச் செய்தாள். வரிசைக்கு இருபக்கமும் புல்லை நனைத்தாள். வாளிகளில் தண்ணீர், ஈரச்சாக்கு, காற்றுமானி. நாற்காலியைப் புகை வராத பக்கம் போட்டாள். ஆர்டித் அதில் உட்காரவில்லை. களை எரிக்கும் கேஸ் டார்ச்சை வாங்கி, கிழக்குக் கோடி வட்டத்தில் தானே வைத்தாள். சருகு சடசடவென்று பிடித்தது. அப்புறம்தான் டார்ச்சை மகளிடம் கொடுத்தாள்.

தீ இடுப்புயரம் எழும்பி உடனே அடங்கியது. ஒரு வட்டம் எரிந்து கறுத்ததும் அடுத்தது. பாதி வரிசை முடிந்தபோது சாலையில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. யாரோ புகையைப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். டெல்மர் குதித்து இறங்கி, தண்ணீர்க் குழாயை உருவிக்கொண்டு ஓடிவந்தான்.

"நிறுத்து ஜோலின்! டார்ச்சை அணை! பலகை கண்ணுக்குத் தெரியலையா?"

ஜோலின் அணைக்கவில்லை. ஆர்டித் அவனுக்கும் வரிசைக்கும் நடுவே வந்து நின்றாள். மூக்கில் குழாய் இல்லாத அவள் முகத்தை அவன் நெடுநாளாகப் பார்த்ததில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பேச வாயைத் திறந்தாள், வரவில்லை. பேருந்தில் அட்டகாசம் செய்யும் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை உயர்த்தினாள், காற்று இருக்கிறதா பார் என்பது போல.

காற்று இல்லை. புகை நேராக மேலே போனது.

"தள்ளுங்க மிஸஸ் பி."

அவள் தள்ளவில்லை.

"தண்ணி அடிச்சா உங்க மேலதான் படும்."

ஆர்டித் தலையாட்டினாள். படட்டும் என்று.

அவன் குழாயின் வாயைத் தரைக்குத் திருப்பினான். தன் அம்மா அப்பாவின் கல்லைப் பார்த்தான், கரி போகாத அந்த மூலையை. திரும்பி வரிசையைப் பார்த்தான்.

"காத்து திரும்பின அடுத்த செகண்ட் அடிச்சுடுவேன். உங்க மேலயா இருந்தாலும்."

"அடி," என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே அவள் நாற்காலியில் விழ வேண்டியதாயிற்று.

மீதி வரிசை எரிந்து முடிக்கிற வரை அவன் குழாயைப் பிடித்தபடி நின்றான். மேற்குக் கோடியில் ரூடியின் வட்டம் கடைசியாகப் பிடித்து, மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கியது. ஜோலின் ஓடிப்போய் சிலிண்டரைக் கொண்டுவந்தாள். அவள் மூக்குக் குழாயை மாட்ட, டெல்மர் அதை ஆர்டித்தின் காதுக்குப் பின்னால் சரிசெய்துவிட்டான்.

"இதைக் குழுவுல சொல்லத்தான் போறேன்," என்றான். "சொல்லாம விடமாட்டேன்."

ஆர்டித்துக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"சத்தமா சொல்லு. அங்கே படுத்திருக்கிற உன் தாத்தா காதுக்கும் கேட்கட்டும்."

*

ஏப்ரலில், இலைகள் ஒரு சாண் உயர்ந்திருந்த வாரம், ஆர்டித் இறந்தாள். வீட்டில், காலையில். கடைசியாகச் சொன்னது நர்ஸிடம், தலையணை சரியில்லை என்று. ஜோலின் தலையணையை மாற்றினாள். பிறகு இயந்திரத்தை அணைத்தாள். பல மாதங்களாக இரவும் பகலும் இரைந்த சத்தம் நின்றது. அது நின்ற வீட்டில் எங்கே நிற்பது என்று ஜோலினுக்குத் தெரியவில்லை.

லியோனார்ட் பக்கத்தில் வைத்தார்கள். கல்லில் அவள் பெயர் ஏற்கெனவே வெட்டியிருந்தது. வருடம் மட்டும் பாக்கி. சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் அவள் பேருந்தில் போனவர்கள். டெல்மர் முன்வரிசையில் இடதுபக்கம் தூக்கினான்.

மே வந்தது. சொன்னபடி டெல்மர் ஒரு காலை வந்தான். ஜோலின் முன்னாலேயே வந்து முட்டி போட்டிருந்தாள். இருவரும் கிழக்கிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு விசிறியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓரம் அரிபட்டிருக்கிறதா, ஈரக்கோடு இருக்கிறதா. இலைகள் சுத்தமாக இருந்தன. டெல்மருக்கே நம்பமுடியவில்லை. பாதிக்கு மேல் வந்ததும் அவன் கொஞ்சம் வேகமாகப் பார்த்தான், இருக்காது என்ற எண்ணத்தில்.

ஜோலின் வேகத்தைக் கூட்டவில்லை. முக்கால் வரிசையில் அவள் கை நின்றது. ஒரு இலை. ஓரத்தில் ரம்பப்பல். கீழே ஒரு கோடு.

டெல்மர் இரண்டு வட்டம் தள்ளி இருந்தான். பார்க்கவில்லை. அங்கேயே விரலால் நசுக்கிவிட்டால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. அம்மாவாக இருந்தால் நசுக்கிவிட்டு, புள்ளி என்றிருப்பாள்.

ஜோலின் இலையை நீளவாக்கில் கிழித்தாள். புழுவை உள்ளங்கையில் எடுத்து எழுந்து போய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இருக்கு. ஒண்ணு."

டெல்மர் அதைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "ஒண்ணு இருந்தாலும்னு சொல்லியிருக்கோம், ஜோலின்."

"தெரியும். அம்மா உன்கிட்ட பொய் சொன்னா. நான் சொல்லமாட்டேன். அதனால இதையும் இப்பவே சொல்லிடறேன். தோண்டறதுக்கு நீ டிராக்டர் கொண்டுவந்தா நான் இதுக்கு முன்னாடி படுத்துக்குவேன். எனக்கு நாற்காலிகூட வேண்டாம். வர மார்ச்சுல மறுபடி கொளுத்துவேன். அதுக்கு அடுத்த மார்ச்சும் கொளுத்துவேன். பலகையை ரெண்டா வை, மூணா வை. கொளுத்துவேன்."

சொல்லி முடித்ததும் அவள் புழுவை விரலிடுக்கில் நசுக்கினாள். கண்ணில் வந்ததைத் துடைக்கவில்லை. கையில் புழு இருந்தது.

டெல்மர் வேலியைப் பார்த்தான். கறுத்த கம்பிகளுக்கு இடையே ரூடியின் வட்டத்தில் முதல் மொட்டு நிறம் காட்டியிருந்தது. குழுவில் இதை எப்படிச் சொல்வது என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"எந்த நாள்?"

"என்னது?"

"மார்ச்சுல. எந்த நாள் கொளுத்துவே?"

"காத்து இல்லாத நாள்."

"முந்தின நாள் ராத்திரியே போன் பண்ணு," என்றான் எரிச்சலோடு. "வண்டியில தண்ணி நிரப்பறதுக்கு டைம் ஆகும். போன தடவை பாதித் தொட்டியோட ஓடிவந்தேன். காத்து திரும்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த வட்டத்தின் முன் முட்டி போட்டான். இந்த முறை அவசரப்படவில்லை.